அறுபத்துநாலு பேர் போன வீடு

ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றாவதாக வந்ததால் அவளுக்கு வீட்டில் பெயர் மூணாவது. மூத்தவள் பெரியவள், அடுத்தவள் ரெண்டாவது. இவளுக்குப் பின்னால் இரட்டையாக இரண்டு பையன்கள், எல்லாருக்கும் கடைசியில் கடைக்குட்டி. அப்பாவுக்கு அவசரத்தில் யார் பெயரும் வாயில் வராது, எண்ணிக்கைதான் வரும். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தம்பிகளின் பெண்டாட்டிகள்கூட மூணாவது அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

வேலை செய்த இடத்தில் அவள் மூச்சக்கா. கடலைப் பார்த்தபடி நின்ற மூன்று மாடி ஆராய்ச்சிக் கூடம் அது. ஒரு குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும், பக்கத்துக் குழாயைத் திறந்தால் கடல் தண்ணீர் வரும். முப்பத்தோரு வயதில் கண்ணாடிக் கிண்ணங்கள் கழுவ அங்கே போய்ச் சேர்ந்தாள். கழுவுவது என்றால் நம் வீட்டுப் பாத்திரம் கழுவுவது மாதிரி இல்லை. சோப்பு கூடாது. கைக்குப் போட்ட சோப்பின் மிச்சம்கூடக் கூடாது. உள்ளே வளரப் போகிறது அத்தனை லேசான உயிர். வெந்நீரில் ஏழு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதும் முகத்துக்குப் பவுடர் போடுவதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். "கல்யாணம் ஆன புதுசுல இவ மேல அடிச்ச வாசனையெல்லாம் அந்த முள்ளுப் பந்துக்குக் குடுத்துட்டா" என்று லாரி மெக்கானிக்கான அவள் புருஷன் இருந்த வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

முள்ளுப் பந்து என்று அவர் சொன்னது கடல் முள்ளெலியை. எலியும் இல்லை, முள்ளம்பன்றியும் இல்லை. பாறை இடுக்கில் கிடக்கும், உடம்பு முழுக்க ஊசி குத்தி வைத்த ஒரு பந்து. அதற்கு ஊசி மருந்து ஒன்றைப் போட்டு, கடல் தண்ணீர் நிரம்பிய குவளையின் வாயில் தலைகீழாக உட்காரவைத்தால், பெண்ணாக இருந்தால் மஞ்சள் நூல் நூலாக முட்டை இறங்கும். ஒரு நூலில் ஆயிரக்கணக்கில் முட்டை. ஆணிடமிருந்து ஒரு துளி எடுத்துக் கலந்தால் போதும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். அரை நாள் போனால் ஒவ்வொரு முட்டையும் ஆயிரம் செல் கூடிக் கட்டிய, நடுவில் வெறுமையான ஒரு உருண்டை ஆகிவிடும். கண்ணாடிக் கோலிதான், ஆனால் ஊசி முனையில் உட்காரும் கோலி.

அந்தக் கோலிக்கு உள்ளே கை வைக்கிற வேலை மூச்சக்காவுக்கு வந்தது தற்செயலாகத்தான்.

கூடத்தின் தலைவி பெரிய டாக்டரம்மா. உலகத்தில் எதைப் பற்றியும் பேசுவார், முள்ளெலியைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அவரிடம் இருந்தவர்கள் கருவுக்குள் கண்ணாடி ஊசியை விட்டு செல்லை எடுக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ரப்பர் குழாய், ரப்பர் குழாயின் மறுமுனை வாயில். மூச்சை இழுத்தால் செல் ஏறும், விட்டால் இறங்கும். பாதி மூச்சு கூடினாலும் கரு வெடித்துவிடும். படித்தவர்கள் நாலு பேர் முயன்று நாலு பேரும் கருவை உடைத்தார்கள். தொட்டியடியில் கிண்ணம் அலசிக்கொண்டிருந்தவள், "அம்மா, நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றாள்.

சிரித்தார்கள். பெரிய டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கைய ஈரம் இல்லாம தொடச்சுட்டு வா."

முதல் கரு போயிற்று. இரண்டாவதில் ஒரே ஒரு செல் மெதுவாகக் குழாய்க்குள் ஏறி, நடுவில் நின்று, திரும்ப இறங்கிக் கிண்ணத்தில் உட்கார்ந்தது.

"எங்க கத்துக்கிட்டம்மா இத?" என்று கேட்டார் பெரிய டாக்டரம்மா.

"எங்க கடைக்குட்டிகிட்ட" என்றாள் இவள்.

அது நடந்த கதை. கடைக்குட்டி எட்டாம் மாதத்தில் பிறந்தவன், ஒரு சாண் உருப்படி. நாலாம் நாள் அம்மா போய்விட்டாள். அவனுக்குப் பால் உறிஞ்சத் தெம்பு இல்லை. நர்சம்மா ஒருத்தி மருந்து சொட்டுகிற கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் அதன் ரப்பர் குமிழ் வெடித்துப் போயிற்று. ஒன்பது வயது மூணாவது குழாயின் மேல்முனையை வாயில் வைத்துக்கொண்டாள். உறிஞ்சினால் பால் ஏறும், நாக்கால் அடைத்தால் நிற்கும், நாக்கை எடுத்தால் சொட்டும். அவன் ஒரு சொட்டை விழுங்கும் வரை நாக்கை எடுக்கக் கூடாது. எடுத்தால் புரை ஏறும். ஏழு மாதம் அப்படித்தான் ஊட்டினாள்.

பெரியவள் அப்போது வாழ்க்கைப்பட்டுத் தூரத்தில் இருந்தாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரெண்டாவது வீட்டில்தான் இருந்தாள். பன்னிரண்டு வயது, நல்ல திடம். அம்மா போன மறுநாள் விடியற்காலையில் குழந்தை அழுதபோது எழுந்து போய் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சியது மூணாவது. ரெண்டாவது புரண்டு படுத்தாள். யாரும் இவளை எழுப்பவும் இல்லை, நீ பார்த்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. அந்த ஒரு விடியற்காலை நாற்பத்தெட்டு வருஷமாக இவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. அக்காளும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. நல்லது கெட்டதுக்குப் போவார்கள், வருவார்கள், மாதம் ஒரு தடவை போனில் பேசுவார்கள். ஆனால் பேச்சு உப்பில்லாமல் இருக்கும்.

இப்படியாகக் கிண்ணம் கழுவ வந்தவள் மூச்சக்கா ஆனாள். ஒரு கருவின் செல்லை எடுத்து இன்னொரு கருவில் வைப்பாள், சாயம் போட்ட செல்லைச் சாயம் போடாத கூட்டத்தில் சேர்ப்பாள். எத்தனையோ பேர் பட்டம் வாங்கிப் போனார்கள், அவள் மூச்சு இல்லாமல் ஒருத்தர் பட்டமும் இல்லை. "வாயில குழாய் இருக்குற வரைக்கும்தான் அக்கா அமைதி, எடுத்தா நம்ம காது போச்சு" என்று கேலி பேசுவார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

அவளுடைய ஐம்பத்தேழாம் வயதில் பெரிய டாக்டரம்மா முழங்கால் அறுவை செய்துகொண்டு ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். பொறுப்பை ரசாயனக்காரரிடம் ஒப்படைத்திருந்தார். ரசாயனக்காரர் வேறு கூடத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு வந்தவர், நாற்பது வயது. முள்ளெலிக்குப் புதிது, குழாய்களுக்கும் இயந்திரங்களுக்கும் பழையவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இரண்டு தடவை எண்ணாமல் நம்பமாட்டார். காப்பியில் போடும் சர்க்கரையைக்கூடத் தராசில் நிறுத்துப் போடுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

அவருக்குத் தேவைப்பட்டது எலும்பு போடாத கருக்கள். உருண்டை ஆன பிறகு அதன் அடிப்பக்கச் சுவரிலிருந்து அறுபத்துநாலு செல்கள் மட்டும் பிடியை விட்டு உள்ளே குதிக்கும். அவைதான் எலும்பு போடுகிறவை. எலும்பு என்றால் சுண்ணாம்பில் செய்த கண்ணாடிக் குச்சிகள். கூடாரத்தைக் கம்பு தாங்குவதுபோல வளரும் குஞ்சை உள்ளிருந்து தாங்குபவை. அந்த அறுபத்துநாலையும் அவை குதித்த கையோடு உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எடுத்த கருவையும் எடுக்காத கருவையும் தனித்தனியாக அரைத்து, எந்த ஜீன் எதில் வேலை செய்கிறது என்று அவர் பார்ப்பார். காலையில் மூச்சக்கா எடுப்பாள், மத்தியானம் அவர் அரைப்பார். மூன்று மாதமாக அப்படித்தான் ஓடியது.

ஒருநாள் மத்தியானம் அரைக்கிற இயந்திரம் நின்றுபோனது. கிண்ணங்களை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை ரசாயனக்காரர் எதற்கும் பார்ப்போம் என்று ஒரு கிண்ணத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பார்த்தவர் அடுத்த கிண்ணத்தை வைத்தார். அதற்கடுத்ததை வைத்தார். அவள் வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, இங்க வாங்க. பாருங்க."

குனிந்தாள். எலும்பே இருக்கக் கூடாத கருக்களில் எலும்பு. ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை, வரிசையாக எல்லாவற்றிலும்.

"செல்ல மிச்சம் விட்டிருக்கீங்க."

"இல்ல சார்."

"பின்ன எலும்பு எங்கேருந்து வரும்? வானத்துலேருந்தா?"

"ஒவ்வொண்ணுலயும் அறுபத்துநாலு எண்ணித்தான் சார் எடுத்தேன். நோட்டுல கோடு போட்டிருக்கேன்."

"கோடு யார் வேணும்னாலும் போடலாம்" என்றார். சொன்ன உடனே அவருக்கே சங்கடமாகிவிட்டது. குரலை இறக்கினார். "கண்ணு மங்கலா இருக்கலாம் அக்கா. வயசாகுதுல்ல. தப்புன்னு சொல்லல. ஆனா இந்த மூணு மாசத்து வேலைய நான் எப்படி நம்புறது? எல்லாத்தையும் குப்பையில போடணும். டாக்டரம்மாவுக்கு எழுதிடறேன். திங்கக்கிழமையிலேருந்து நீங்க பழையபடி கிண்ணம் பாருங்க."

வாயில் குழாய் இல்லாமலே அவள் பேச்சு நின்றுபோனது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கடைக்குட்டி வந்திருந்தான். ஒரு சாண் உருப்படியாக இருந்தவன் இப்போது பேருந்து ஓட்டுகிறான். ஓட்டுநர் இருக்கையில் அவன் உட்கார்ந்தால் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும். சோபாவில் சாய்ந்து, "என்ன மூஞ்சி தொங்குது, முள்ளுப் பந்து குத்திடுச்சா?" என்றான்.

நடந்ததைச் சொன்னாள்.

"கிண்ணம் கழுவினா கழுவிட்டுப் போ. அதே சம்பளந்தான?"

"சம்பளத்த யாருடா கேட்டா? என் மூச்சு சுத்தமில்லன்னு சொல்லிட்டான்டா. உன்ன ஏழு மாசம் சொட்டு சொட்டா வளத்த மூச்சு. ஒரு தடவ உனக்குப் புரை ஏறியிருக்கா?"

கடைக்குட்டி வயிற்றைத் தடவினான். "அதெல்லாம் ஏறல. ஆனா அளவு கொஞ்சம் கூடிப்போச்சு பாரு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவன் போகும்போது கதவருகே நின்று, "அக்கா, நெஜமாவே மிச்சம் விட்டிருக்க மாட்டியே?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் உள்ளே இறங்கிக் குடைந்தது. தம்பிக்கே சந்தேகம் என்றால்? ஜன்னல் கம்பியில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். மற்றக் கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கண்ணில் கம்பிக்கு ஓரத்தில் லேசாக ஒரு மங்கல் இருப்பதுபோல இருந்தது. இருந்ததா, இருப்பதுபோல நினைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் ரசாயனக்காரர் முன்னால் போய் நின்றாள். "சார், ஒரே ஒரு தடவ. உங்க கண்ணு முன்னாடி எடுக்கறேன். நீங்களே எண்ணுங்க. கிண்ணத்த நீங்களே பூட்டி வைங்க. மறுநாள் எலும்பு வரலன்னா அத்தனை நாளும் நான்தான் மிச்சம் விட்டேன்னு ஒத்துக்கறேன்."

"வந்தா?"

"வந்தா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்கதான் படிச்சவரு, சொல்லணும்."

இரண்டு தடவை எண்ணுகிறவருக்கு இது பிடித்துப்போனது. எலும்பு வந்தால் அது வருவதைப் பகல் வேளையில் பார்க்க வேண்டும் என்பதால் அடுத்த நாள் விடிந்ததும் முட்டையையும் விந்தையும் கலந்தார். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உருண்டைகள் தயார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப்பின் ஒரு பக்கம் அவள், மறு பக்கம் அவர். பன்னிரண்டு கருக்கள்.

அவள் குழாயை வாயில் வைத்தாள். ஊசி சுவரைத் தொட்டது, சுவர் குழிந்தது, ஊசி உள்ளே போயிற்று. உள்ளே அறுபத்துநாலும் திராட்சைக் குலைபோல அடியில் குவிந்து கிடந்தன. துளிக் கடல் தண்ணீரை ஊதினாள். குலை கலைந்தது. ஒவ்வொன்றாக இழுத்தாள்.

"முப்பத்தொம்பது, நாப்பது" என்று அவர் வாய்விட்டு எண்ணினார். அறுபத்துமூன்றில் நிறுத்தி, "ஒண்ணு எங்க?" என்றார். அவள் கையால் காட்ட முடியாது, வாயால் சொல்ல முடியாது. புருவத்தை மட்டும் இடப்பக்கம் ஏற்றினாள். சுவரோடு சுவராக ஒண்டி நின்ற ஒன்று. அதையும் எடுத்தாள். வெளியே கிண்ணத்தில் துப்பிய செல்களை அவர் இன்னொரு தடவை எண்ணினார். அறுபத்துநாலு. பன்னிரண்டு கருவிலும் அப்படியே. ஏழரை ஆகிவிட்டது. கிண்ணத்து மூடியின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கை வைக்காத கருக்கள் உள்ள கிண்ணத்தையும் பக்கத்திலேயே வைத்தார்.

காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் வாசலில் சந்தித்தார்கள். அவர் தலை வாரவில்லை. அவள் அதைக் கவனித்தாள், சொல்லவில்லை. காகிதம் கிழியாமல் இருந்தது.

முதலில் கை வைக்காத கருக்களைப் பார்த்தார்கள். விளக்குக்கு மேலும் கீழும் இரண்டு வடிகட்டிக் கண்ணாடிகள் உண்டு. அவற்றைத் திருப்பினால் எல்லாம் இருண்டுவிடும், எலும்பு மட்டும் ஒளிரும். அந்தக் கருக்களில் எலும்பு நன்றாக நீண்டு, கறுப்புத் துணியில் வெள்ளி நூல் தைத்ததுபோல் கிடந்தது.

அடுத்து அவளுடைய பன்னிரண்டு. கண்ணாடியைத் திருப்பினார். இருட்டு. பன்னிரண்டிலும் இருட்டு.

"எலும்பு இல்ல" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. "சுத்தமா எடுத்தா இப்படித்தான் இருக்கும். அப்போ அன்னைக்கு..."

அவள் கண்ணை எடுக்கவில்லை. தன் கையால் எடுத்துப் போட்டதே திரும்ப வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற வினோதம் அவளுக்கே புரிந்தது. வரவில்லை என்றால் அவள் கை பொய். வந்தால் உலகத்தில் அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடக்கிறது.

"அன்னைக்கு நீங்க எத்தன மணிக்கு சார் பாத்தீங்க?"

"எட்டு, எட்டரை."

"அன்னைக்குப் பாத்தது முந்தின நாள் காலையிலேயே எடுத்தது. இது நேத்து சாயங்காலம்தான எடுத்தேன். இருங்க."

இருந்தார்கள். ஏழு மணி. ஏழே முக்கால். வெளியே யாரோ தொட்டியைத் தேய்க்கிற சத்தம். டீ ஆறியது. எட்டு இருபதுக்கு அவள், "சார், விளக்கச் சாதாரணமா வைங்க" என்றாள்.

கருவின் நடுவே குடல் ஒரு விரலைப்போல மேலே நீண்டு நின்றது. அதன் நுனியில் கூட்டமாகச் சில செல்கள். கருவுக்குள் அங்கும் இங்கும் அலைந்து வேறு வேலை பார்க்கப் போக வேண்டியவை அவை, எலும்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றில் ஒன்று பிடியை விட்டது. நூல்போல ஒரு கையை நீட்டிச் சுவரைத் தடவியது. இறங்கியது. பின்னால் இன்னொன்று. பிறகு நாலைந்து. அவள் முந்தின நாள் காலி செய்த அதே அடிப்பக்கத்துக்கு வந்து, போனவர்கள் நின்றிருக்க வேண்டிய அதே இடத்தில், வட்டமாகக் கைகோத்து நின்றன.

"எங்க போகுதுங்க?" என்றார் ரசாயனக்காரர். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டார்.

வட்டத்தின் இரண்டு ஓரத்தில் கூட்டம் தடித்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மணி பத்தரை ஆயிற்று. அவர் வடிகட்டிக் கண்ணாடியைத் திருப்பினார்.

கும்மிருட்டில் இரண்டு பொட்டு வெளிச்சம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை. மழைக்கால மேகத்தில் ஓட்டை விழுந்து ஒரு நட்சத்திரம் தெரியுமே, அப்படி.

பன்னிரண்டையும் பார்த்தார்கள். ஒன்பதில் வந்திருந்தது. மத்தியானத்துக்குள் பதினொன்றில் வந்தது. ஒன்று மட்டும் செத்துப்போயிருந்தது. அன்றைக்கு அவர் எதையும் அரைக்கவில்லை. வட்டத்தில் நின்ற செல்களை எண்ணினார், திரும்ப எண்ணினார். அறுபத்தொன்று, அறுபத்தைந்து, அறுபத்துமூன்று என்று வந்தது. காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "எத்தன பேர் போனாங்களோ ஏறக்குறைய அத்தன பேர் வந்திருக்காங்க அக்கா. இதுங்களுக்கு யாரு எண்ணிச் சொன்னா?"

"அப்போ என் நோட்டுல இருந்த கோடு?"

அவர் எழுந்து நின்றார். "அக்கா, அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. உங்க கோடு அத்தனையும் சரி. மூணு மாசத்துல ஒரு கருவக்கூடக் குப்பையில போட வேண்டாம்."

அவளுக்கு நிம்மதி வந்தது. ஆனால் நினைத்த அளவு பெரிதாக வரவில்லை, அதைவிடப் பெரிது ஒன்று வந்து இடத்தை அடைத்துக்கொண்டது. திரும்பக் குனிந்து அந்த இரண்டு பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். முழங்காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டார்.

"வேற கூடங்கள்ல பாத்திருக்காங்கன்னு படிச்சிருக்கேன்" என்றார். "நம்ம கூடத்துல அன்னன்னைக்கே அரைச்சிடறோம், பாக்க வழியே இல்ல. உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும், என் தப்பு. என் வாழ்நாள்ல கண்ணால பாக்கல. நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டீங்க. முழங்கால் போனாலும் பரவாயில்லன்னு வந்திருப்பேன்."

"டாக்டரம்மா, இதுங்களுக்கு எலும்பு போடத் தெரியும்னா முன்னாடியே ஏன் போடல?" என்று கேட்டாள் மூச்சக்கா.

"தெரியும்மா. எல்லா செல்லுக்குள்ளயும் எல்லா ஜீனும் இருக்கு. எலும்பு போடுற ஜீன் இதுங்ககிட்டயும் இருக்கு, ஆனா மூடி இருக்கு. அந்த அறுபத்துநாலும் உள்ள இருக்குற வரைக்கும் நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்னு சொல்லிக்கிட்டே இருக்கும். வாயால இல்ல, அதுங்க பாஷையில. அந்தச் சேதி வர்ற வரைக்கும் இதுங்க அவங்கவங்க வேலையப் பாக்கும். சேதி நின்னுச்சுன்னா..."

"எந்திரிச்சு வந்துடும்."

"ஆமா. பாதிப் பேர எடுத்தா, பாதிக்குத் தேவையானதுதான் வரும்னு சொல்றாங்க."

"யாரும் போகச் சொல்ல வேண்டாமா?"

"யாரும்மா இருக்கா அங்க சொல்றதுக்கு?"

அன்று சாயங்காலம் கூடத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சக்கா ரெண்டாவதைக் கூப்பிட்டாள். மாதம் ஒரு தடவை பேசுகிற நாள் இல்லை அது. ரெண்டாவது பதறிப்போனாள்.

"என்ன, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒண்ணு கேக்கணும். அம்மா போன மறுநாள் கடைக்குட்டி அழுதான். நான் எந்திரிச்சேன். நீ ஏன் எந்திரிக்கல?"

"இதக் கேக்க இவ்வளவு வருஷமா உனக்கு?" என்றாள் ரெண்டாவது. "முழிச்சுதான்டி இருந்தேன். கால கீழகூட வச்சுட்டேன். அதுக்குள்ள நீ பால் காய்ச்சுற சத்தம் கேட்டுச்சு. சரி, நீ இருக்கன்னு திரும்பப் படுத்துட்டேன். தெனமும் அப்படித்தான். அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

"நான் எந்திரிக்காம இருந்திருந்தா?"

"கேக்குற கேள்வியப் பாரு. மறந்துட்டியா, அம்மை போட்டு நீ எட்டு நாள் கெடந்தியே? தனியா ஒரு ரூம்ல போட்டு வச்சாங்களே? அந்த எட்டு நாளும் அவனுக்கு யாரு குடுத்தான்னு நெனச்ச?"

மூச்சக்கா நினைத்ததே இல்லை. எட்டு நாள் கழித்து எழுந்து வந்தபோது அவன் உயிரோடு, அதே எடையோடு கிடந்தான். அவள் கண்ணாடிக் குழாயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நடுவில் யார் இருந்தார்கள் என்று ஒன்பது வயதிலும் கேட்கவில்லை, ஐம்பத்தேழு வயது வரைக்கும் கேட்கவில்லை.

"உன்ன மாதிரி குழாய்ல எனக்கு வரல" என்றாள் ரெண்டாவது. "மூச்சு நிக்காது. துணியத் திரியா சுருட்டி நனைச்சு நனைச்சு விட்டேன். விடிஞ்சிடும் ஒரு வேளைக்கு. நீ எந்திரிச்சு வந்தே, சத்தம் கேட்டுச்சு, நான் பள்ளிக்கூடம் போயிட்டேன். அவ்வளவுதான்."

கடல் தண்ணீர்க் குழாயை யாரோ உள்ளே மூடினார்கள். சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மூச்சக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேச வாய் வரவில்லை, மூச்சு மட்டும் போய் வந்தது.

"ஏய், என்னடி சத்தத்தக் காணோம்?" என்றாள் ரெண்டாவது. "இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் மூணாவது.